டேப் ட்ரைவ் உண்மையிலேயே சுருக்குகிறதா? மட்டக்களப்பு ஆவணக் காப்பகத்தில் செய்து பார்த்த சோதனை

எல்டிஓ-5 கார்ட்ரிட்ஜின் (கணினித் தரவைச் சேமிக்கும் எல்டிஓ வகைக் காந்த நாடாவின் ஐந்தாம் தலைமுறை) உறையில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும்: 1.5 டெராபைட், 3 டெராபைட். முதலாவது நாடாவில் உண்மையாக உள்ள இடம். இரண்டாவது, நாம் கொடுக்கும் தரவு சரிபாதியாகச் சுருங்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. எங்கள் காப்பகத்தின் மொத்தத் தரவு இப்போது 1.66 டெராபைட். சரிபாதியாகச் சுருங்காவிட்டாலும், கொஞ்சம் சுருங்கினாலே ஒரு நாடாவில் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை. முழு பேக்கப் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 1.5 டெராபைட்டைத் தொடும் முன்பே நாடா முடிந்துவிடும். இரண்டாவது கார்ட்ரிட்ஜைக் கேட்டபடி மென்பொருள் விடியும்வரை காத்திருக்கும்.

ட்ரைவுக்குள் இருக்கும் ஹார்ட்வேர் கம்ப்ரஷன், அதாவது தரவை ட்ரைவே சுருக்கும் வசதி, வேலை செய்கிறதா, இல்லையா? இதற்கு விடை காணச் செய்தவற்றை எழுதிவைக்கிறேன். பாவித்த டேப் ட்ரைவை வாங்கி வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்கள் கிழக்கில் இன்னும் சிலராவது இருப்பார்கள்.

எங்களிடம் இருப்பது சாதாரணப் பொருட்கள் அல்ல. வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஒலிப்பதிவுகள், பாடசாலை மலர்கள், பழைய பத்திரிகைகள், கோயில் பத்ததிகள், குடும்பங்கள் நம்பித் தந்த கடிதங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் இந்தக் கரையோரம் எவ்வளவு கடதாசியை இழந்தது என்பதை மட்டக்களப்பாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் ஒரு பிரதியைக் கடலிலிருந்து விலக்கி, அம்பாறை நகரில் வைத்திருக்கிறோம். ஒரே கார்ட்ரிட்ஜ் என்றால் உறையில் இட்டு, கைப்பையில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று பழுதானாலும் தொகுதி குறைபட்டுவிடும். அதனால்தான் இதை ஒரு கை பார்ப்பதென்று இறங்கினேன்.

முதலில் ட்ரைவ் எப்படிச் சுருக்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோதனையின் முடிவுகளைப் படிக்க அது இல்லாமல் முடியாது. எல்டிஓ ட்ரைவுகள் பாவிக்கும் முறைக்கு எஸ்எல்டிசி என்று பெயர். ஈசிஎம்ஏ-321 என்ற தரநிலையாக 2001இல் வெளிவந்தது. வந்துகொண்டிருக்கும் பைட்டுகளை ட்ரைவிலுள்ள சிப் பார்த்துக்கொண்டே இருக்கும். சற்று முன் கடந்துபோன தொடர் ஒன்று மறுபடியும் வந்தால் அதை முழுதாக எழுதாது. 'இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட் எடுத்துக்கொள்' என்று ஒரு சிறு குறிப்பை மட்டும் எழுதும். எல்டிஓ-5 வரையான ட்ரைவுகளில் இது திரும்பிப் பார்க்கும் தூரம் வெறும் 1,024 பைட். கணினியில் ஸிப் கோப்பு செய்யும்போது பாவிக்கும் டிஃப்ளேட் முறை 32 கிலோபைட் தூரம் பார்க்கும். ஆகவே ஒரே ஒளிப்படத்தின் இரண்டு பிரதிகள் நாடாவில் அடுத்தடுத்துப் போனாலும் ட்ரைவுக்கு அது தெரியாது. இரண்டையும் முழுதாகவே எழுதும்.

இன்னொரு நல்ல குணமும் எஸ்எல்டிசிக்கு உண்டு. ஏற்கெனவே சுருங்கிய தரவு வந்தால், சுருக்கப் பார்த்துப் பெருக்கிவிடாமல், அந்தப் பகுதியை உள்ளபடியே கடத்திவிடும் நிலைக்குத் தானாகவே மாறிக்கொள்ளும். பின்னால் இது முக்கியமாகும்.

எங்கள் சர்வரில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. ட்ரைவ் எஸ்ஏஎஸ் கேபிளில் வெளியே தொங்கும் தனிப்பெட்டி. லினக்ஸ் ஒரே ட்ரைவுக்கு இரண்டு பெயர் கொடுக்கும்: எஸ்டி0, என்எஸ்டி0. முதலாவது பெயரில் பேசினால் ஒவ்வொரு வேலையும் முடிந்தவுடன் நாடா ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். அடுத்த எழுத்து முந்தையதன் மேலேயே விழும். சோதனை செய்பவர்கள் என்எஸ்டி0 என்பதையே பாவிக்க வேண்டும். இதை விட முக்கியமானது, சோதனைக்கென்று ஒரு வெற்று நாடாவை ஒதுக்கிவைப்பது. ஆவணம் உள்ள நாடாவின் எழுத்துத் தடைத் தாழ்ப்பாளை முதலில் பூட்டிவிடுங்கள். கார்ட்ரிட்ஜின் மூலையில் இருக்கும் அந்தச் சிறிய நகரும் துண்டுதான் ஆவணத்துக்குக் காவல்.

காலையில் ட்ரைவைப் போட்டு, வெற்று நாடாவை ஏற்றி, நாடா ட்ரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி நிரலின் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தேன். அடர்த்திக் குறியீடு 58, எல்டிஓ-5 என்று காட்டியது. சுருக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்து, எம்டிஎக்ஸ் தொகுப்போடு வரும் டேப்இன்ஃபோ. இது ட்ரைவின் அமைப்புப் பக்கங்களை வாசித்துச் சொல்லும். மூன்று வரிகளை அதில் தேட வேண்டும்: சுருக்கும் திறன் உண்டா, சுருக்கம் இப்போது இயங்கு நிலையில் உள்ளதா, விரிக்கும் திறன் இயங்கு நிலையில் உள்ளதா. மூன்றுக்கும் 'ஆம்'.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, 'சுருக்கம் வேலை செய்கிறது, தரவுதான் சுருங்கவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. சுவிட்ச் போட்டிருக்கிறது என்று ட்ரைவ் சொல்வது ஒன்று. உள்ளே போன பைட்டுகளையும் நாடாவில் விழுந்த பைட்டுகளையும் எண்ணி ஒப்பிடுவது வேறொன்று. பின்னதைச் செய்யும் வரை எதையும் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது.

எண்ணுவதற்கு ட்ரைவே கருவி தருகிறது. எஸ்ஜி3 கருவித் தொகுப்பில் எஸ்ஜி-லாக்ஸ் என்ற நிரல் இருக்கிறது. அதைக் கொண்டு ட்ரைவின் பதிவுப் பக்கங்களை வாசிக்கலாம். பதினாறடிமான எண்ணில் 31 என்ற பக்கம் நாடாவில் மீந்திருக்கும் இடத்தைச் சொல்லும். 1பி என்ற பக்கம் சுருக்கத்தின் கணக்கு: கணினியிலிருந்து வந்தது எவ்வளவு, நாடாவில் எழுதியது எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள விகிதம் என்ன. விகிதத்தை நூறால் பெருக்கிக் காட்டும். 100 என்றால் எதுவுமே சுருங்கவில்லை, 200 என்றால் பாதியாகச் சுருங்கியது. எல்டிஓ-4உம் அதற்கு முந்தியவையும் வைத்திருப்பவர்கள் இதே கணக்கை 32 என்ற பக்கத்தில் தேட வேண்டும். எதுவாயினும், கார்ட்ரிட்ஜை வெளியே தள்ளுவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள்.

சோதனைக்கு இரண்டு வகைத் தரவு எடுத்தேன். ஒன்று வெறும் பூச்சியங்கள். இதற்கு மேல் சுருங்கக்கூடிய தரவு உலகில் இல்லை. மற்றது எழுந்தமானப் பைட்டுகள். இது எந்த வழியிலும் சுருங்காது. இரண்டிலும் 50 கிகாபைட் வீதம், 256 கிலோபைட் பிளாக்காக, தரவை உள்ளபடியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் நாடாவில் எழுதினேன். எழுந்தமானப் பைட்டுகளை அந்தந்த நேரத்தில் உருவாக்கி அனுப்ப எங்கள் பழைய சர்வரால் இயலாது. ட்ரைவ் நொடிக்கு 140 மெகாபைட் விழுங்கும். எனவே ஒரு கிகாபைட் எழுந்தமானக் கோப்பு ஒன்றை எஸ்எஸ்டியில் உருவாக்கி, அதையே திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஒரே கோப்பு திரும்ப வந்தால் சுருங்கிவிடாதா என்று எங்கள் பட்டியலாக்கப் பொறுப்பாளர் கேட்டார். நல்ல கேள்விதான். ட்ரைவின் நினைவு 1,024 பைட் தூரம்தான். ஒரு கிகாபைட்டுக்கு முன் என்ன போனது என்பது அதற்குத் தெரியாது.

அளவுகளைப் பார்க்கும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். டிடி கட்டளை சொல்லும் 50 கிகாபைட் தசமக் கணக்கு. 31ஆம் பக்கம் காட்டும் மெகாபைட்டோ 10,48,576 பைட் கொண்டது. ஆகவே 50 கிகாபைட் எழுதினால் மீதி இடம் ஐம்பதாயிரம் குறையாது. 47,684 அளவில்தான் குறையும். வெற்று எல்டிஓ-5 நாடா தொடக்கத்தில் 15 இலட்சம் காட்டாமல் 14 இலட்சத்து 30 ஆயிரத்தை ஒட்டிக் காட்டுவதும் இதனால்தான். நாடா பழுது என்று பயப்பட வேண்டாம்.

எழுந்தமானத் தரவை எழுதியதும் மீதி இடம் எதிர்பார்த்தபடியே குறைந்தது. 1பி பக்கம் 100 என்றது. பூச்சியங்களை எழுதியபோது ஒரு கிகாபைட்டுக்கும் குறைவான இடமே போயிருந்தது. இந்த ட்ரைவுக்குச் சுருக்கத் தெரியும் என்பதில் இனிச் சந்தேகம் இல்லை.

வேகத்தை வைத்து இதைத் தீர்மானிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்: பூச்சியங்கள் 140 மெகாபைட்டைத் தாண்டிப் பறந்தால் சுருக்கம் வேலை செய்கிறது என்று. சர்வரும் கேபிளும் ஈடுகொடுத்தால் அது சரி. ஆனால் எங்களுடையதுபோல் கிகாபிட் வலையமைப்பு வழியாகத் தரவு வந்தால் நொடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டுவதே பாடு. அப்போது சுருங்கினாலும் சுருங்காவிட்டாலும் ஒரே நேரம்தான் எடுக்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு மீதி இடத்தைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: எங்கள் தரவு சுருங்கக்கூடியதுதானா? ஒவ்வொரு வகையிலும் ஒரு பங்கைத் தனித்தனியாக எழுதி விகிதத்தைப் பார்த்தேன். ஜேபெக் படங்கள், பிடிஎஃப், காணொளி எல்லாம் 100. அவை பிறக்கும்போதே சுருங்கிப் பிறந்தவை. கூத்துப் பதிவுகளின் வேவ் கோப்புகள் 106. பலருக்கு இது வியப்பாக இருக்கும். வேவ் கோப்பு சுருக்காத வடிவம்தானே என்பார்கள். மத்தளமும் சல்லரியும் அண்ணாவியாரின் குரலும் சேர்ந்த ஓர் ஒலி அலையில், ஆயிரம் பைட்டுக்குள் அச்சொட்டாகத் திரும்பும் தொடர் அரிது. சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்த டிஃப் கோப்புகள் 120. பழைய தாளின் மேற்பரப்பில் உள்ள புள்ளியும் கறையும் ஒவ்வொரு பைட்டையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிவிடுகின்றன. தூய கறுப்பு வெள்ளையில் எடுத்த பத்திரிகைப் பக்கங்கள் மட்டும் 600. வெற்று வெள்ளை இடம் நீள நீளமாக வருவதால் ட்ரைவுக்குக் கொண்டாட்டம். பட்டியல் தரவுத்தளத்தின் எழுத்துவடிவப் பிரதி 240. ஆனால் அதன் மொத்த அளவு சிறியது.

ஒவ்வொரு வகையும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கூட்டினால், 1.66 டெராபைட் ஏறக்குறைய 1.38ஆக வர வேண்டும். அதாவது ஒரு நாடாவில் அடங்க வேண்டும். ஆனால் அன்றிரவு பேக்கப் வழமைபோலவே ஓடி, வழமைபோலவே நாடா நிரம்பி நின்றது. விடியக்காலையில் வந்து, கார்ட்ரிட்ஜை எடுக்காமல் 1பி பக்கத்தை வாசித்தேன். 100. கறுப்பு வெள்ளைப் பக்கங்கள், தரவுத்தளம் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதிக்குச் சரியாக 100 வர வழியே இல்லை. டேப்இன்ஃபோவை ஓட்டினேன். சுருக்கம் இயங்கு நிலையில் உள்ளதா? 'இல்லை.'

முந்தைய காலை 'ஆம்' என்ற அதே ட்ரைவ்.

இரண்டுக்கும் இடையில் நடந்தது பேக்கப் மட்டுமே. ஆகவே பேக்கப் தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட்டை, அதாவது கட்டளை வரிசைக் கோப்பைத் திறந்தேன். நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றும் வரிக்கு அடுத்ததாக, எம்டி நிரலைக் கொண்டு சுருக்கத்தை நிறுத்தும் வரி ஒன்று இருந்தது. முன்பு இந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் மென்பொருளிலேயே ஜிஸிப் கொண்டு சுருக்கி அனுப்பியிருக்கிறார். இருமுறை சுருக்க வேண்டாம் என்று ட்ரைவின் சுருக்கத்தை நிறுத்தியிருக்கிறார். டிடிஎஸ், டிஎல்டி போன்ற பழைய நாடாக்களில் வேலை பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கும். அங்கே ஏற்கெனவே சுருங்கிய தரவை ட்ரைவ் மேலும் சுருக்கப்போய்ப் பெருத்துவிடுவது உண்டு. பிறகு தரவு கூடி, சர்வரின் புரொசசர் ஜிஸிப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனபோது மென்பொருள் சுருக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்கிரிப்ட் வரி மட்டும் தங்கிவிட்டது. அதன்பின் இரண்டு பக்கத்திலும் சுருக்கம் இல்லை.

காலையில் எப்போது பார்த்தாலும் 'ஆம்' வந்ததன் காரணம் எங்கள் ஊர் மின்சாரம். இடியும் மின்தடையும் இங்கே புதிதல்ல. அதனால் பேக்கப் முடிந்ததும் ட்ரைவின் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றிவிடுவது எங்கள் வழக்கம். எம்டி கட்டளை மாற்றும் அமைப்பு மின்சாரம் இருக்கும் வரைதான் ட்ரைவில் நிற்கும். மறுபடி போட்டால் தொழிற்சாலை அமைப்புக்கே திரும்பும். அதில் சுருக்கம் இயங்கு நிலையில் இருக்கும். சோதிக்கும் நேரமெல்லாம் இயங்கியது, வேலை செய்யும் நேரமெல்லாம் நின்றிருந்தது. அணைக்காமல் விடிந்த அந்த ஒரு காலையில் பார்த்ததால் பிடிபட்டது. ட்ரைவின் நிலையை ஓய்வில் இருக்கும்போது கேட்காதீர்கள். பேக்கப் முடிந்த கையோடு, மின்சாரத்தை அணைக்கும் முன் கேளுங்கள்.

அந்த வரியை நீக்கியதோடு விடவில்லை. அதே இடத்தில் சுருக்கத்தை இயக்கும் வரியைப் போட்டேன். தொழிற்சாலை அமைப்பை நம்பியிருப்பதை விட, வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மேல். லினக்ஸில், ட்ரைவின் தொடக்க அமைப்பை இடும் ஸ்டினிட் நிரலின் அமைப்புக் கோப்பு வழியாகவும் இதை நிரந்தரமாக்கலாம். எல்டிஓவைப் பொறுத்தவரை, மென்பொருளில் சுருக்கி அனுப்புபவர்களும் ட்ரைவின் சுருக்கத்தை நிறுத்தத் தேவையில்லை என்பது என் முடிவான கருத்து. சுருங்காததை உள்ளபடியே கடத்திவிடும் குணம் எஸ்எல்டிசிக்கு இருக்கிறது. நிறுத்துவதால் எதுவும் மிச்சமாகாது. மறைகுறியாக்கம் செய்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: மென்பொருளில் மறைகுறியாக்கி அனுப்பினால் ட்ரைவுக்குப் போவது எழுந்தமானப் பைட்டுகள் போலத்தான் இருக்கும், விகிதம் 100ஐ விட்டு அசையாது. எல்டிஓ-4இலிருந்து வரும் ட்ரைவ்வழி மறைகுறியாக்கம் முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு மறைகுறியாக்கும். அதில் இந்தச் சிக்கல் இல்லை.

அம்பாறையில் இருக்கும் பழைய நாடாக்கள் சுருக்கம் இல்லாமல் எழுதியவை; இனி அவற்றை வாசிக்க முடியாமல் போகுமா என்ற பயம் நிர்வாக சபையில் இருந்தது. போகாது. எது சுருக்கியது, எது சுருக்காதது என்ற விவரம் நாடாவிலேயே உண்டு. எழுதும்போதைய சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் வாசிக்கும்போது ட்ரைவ் தானாகவே விரித்துத் தரும். ஆனாலும் வாயால் சொல்லி நம்பவைக்க நான் விரும்பவில்லை. பழைய நாடா ஒன்றிலிருந்தும் புதிய நாடாவிலிருந்தும் ஒரே கூத்துப் பதிவை மீட்டெடுத்து, மூலக் கோப்போடு ஷா-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுக் காட்டினோம். மூன்றும் ஒன்றே. பழைய சபை உறுப்பினர் ஒருவர் பதிவைக் காதிலும் போட்டுக் கேட்டார்.

வரியை மாற்றியபின் ஓடிய முழு பேக்கப் ஒரே நாடாவில் முடிந்தது. 1பி பக்கம் 120 காட்டியது. 31ஆம் பக்கத்தில் ஒரு இலட்சத்துச் சொச்சம் மெகாபைட் மீதி. கணக்கும் கையும் ஒத்துப்போனதில் பெரிய நிம்மதி.

ஆனால் அந்த மீதி அதிக காலம் தாங்காது. புதிய பதிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ட்ரைவின் தலை அழுக்கானாலும் இடம் குறையும். எழுதிய பகுதியை உடனே வாசித்துப் பார்த்து, பிழை கண்டால் அதே பகுதியை நாடாவில் தள்ளி மறுபடி எழுதும் பழக்கம் எல்டிஓவுக்கு உண்டு. தரவு போதிய வேகத்தில் வராமல் நாடா நின்று நின்று ஓடினாலும் தேய்மானம் கூடும். சுருக்கம் இயங்கத் தொடங்கியபின் ட்ரைவ் முன்னை விட வேகமாகத் தரவு கேட்கும். 120 விகிதத்துக்கு 140 மெகாபைட் போதாது, 168 வேண்டும். வலையமைப்பிலிருந்து நேரே எழுதுவதை விட்டு, முதலில் சர்வரிலுள்ள எஸ்எஸ்டிக்கு இறக்கி, அங்கிருந்து நாடாவுக்கு அனுப்பும்படி மாற்றியிருக்கிறோம்.

வேவ் கோப்புகளின் விகிதம் 106ஐத் தாண்டாது என்று தெரிந்தபின், அவற்றை ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறோம். ஒலிக்கென்றே வகுத்த சுருக்கம் அது. ஒரு பைட்டும் இழக்காமல், எங்கள் பதிவுகளை ஏறக்குறைய பாதியாக்குகிறது. ட்ரைவிலுள்ள பொதுச் சிப்பால் இயலாததை அது செய்கிறது.

பேக்கப் ஸ்கிரிப்ட்டின் கடைசியில் இப்போது 1பி, 31 பக்கங்களை வாசித்துப் பதிவேட்டில் சேர்க்கும் வரிகள் உள்ளன. உள்ளே போனது, நாடாவில் விழுந்தது, மீந்தது என்ற மூன்று எண்களையும் கார்ட்ரிட்ஜின் சீட்டில் கையால் எழுதிவிட்டுத்தான் அம்பாறைக்கு அனுப்புகிறோம். விகிதம் 115க்குக் கீழே போனால் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும்.

எல்டிஓ-6 ட்ரைவ் ஒன்று வாங்கும் பேச்சும் சபையில் நடக்கிறது. அது எங்கள் எல்டிஓ-5 நாடாக்களில் எழுதவும் வாசிக்கவும் செய்யும். எல்டிஓ-4ஐ வாசிக்க மட்டும் செய்யும். எல்டிஓ-6 நாடாவின் உறையில் 6.25 டெராபைட் என்று இருக்கும். திரும்பிப் பார்க்கும் தூரத்தைக் கூட்டி, விகிதத்தை இரண்டிலிருந்து இரண்டரை என்று உயர்த்திப் போட்ட கணக்கு அது. சபைக்குக் கொடுத்த அறிக்கையில் அந்த எண்ணை நான் சேர்க்கவில்லை. 2.5 டெராபைட் என்று எழுதி, எங்கள் தரவுக்கு எங்கள் ட்ரைவில் அளந்த 120ஐப் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.